கைமாறிய விளையாட்டுப் பெட்டி

பிள்ளை ஒன்று, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வேண்டி நிற்கின்றது. புதியதன் விலை குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. பிறர் பாவித்த பெட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்குமென்று அயலவர் ஒருவர் சொல்கின்றார். வாங்கலாமா, விடலாமா என்று தாயும் தந்தையும் இராச் சாப்பாட்டின் பின் இருந்து கணக்குப் பார்க்கின்றனர். அற்ப விஷயம் போலத் தோன்றும் இக்கேள்விக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்திலே பெருவணிகங்கள் சரிந்து வீழ்ந்தன; நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்புரைத்தன; உலகப் புகழ் பெற்ற நிறுவனமொன்று தான் உரைத்த சொல்லை ஒரு திங்களுக்குள்ளே மீட்டுக்கொண்டது.

இக்கருவியின் மூலவர் ரால்ப் பேயர் என்னும் பொறியியலாளர். ஜேர்மனியில் யூதர்களுக்கு இடமில்லாது போன காலத்தில், 1938ஆம் ஆண்டிலே குடும்பத்துடன் அமெரிக்கா சேர்ந்தவர் அவர். வீடுதோறும் வீற்றிருக்கும் தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி ஆடுவதற்கும் பயன்படுத்தலாகாதா என்னும் எண்ணத்தை 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி நான்கு பக்கங்களில் எழுதிவைத்தார். அவ்வெண்ணம் 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனத்தாரின் ஒடிசி என்னும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. அதற்கு ஓசை கிடையாது. திரையிலே சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் அசையும், அவ்வளவே. மைதானம், காடு, பேய்வீடு ஆகியவற்றை வர்ணந் தீட்டிய பிளாஸ்டிக் தாள்களாகத் திரைமேல் ஒட்டிக்கொள்ளவேண்டும். தாயக்கட்டை, சீட்டு, விளையாட்டுக் காசு என்பனவும் பெட்டியோடு வந்தன. ஒடிசி ஒன்று பிறிதொரு வீட்டுக்குக் கைமாறும்பொழுது தாள் கிழிந்தும் சீட்டுத் தொலைந்தும் போயிருந்தால், கருவி பழுதின்றியிருந்தும் ஆட்டம் குறைபட்டதே. ‘வேலை செய்கின்றது’ என்று விற்பவர் சொல்லும் சொல் முழுச் சொல்லன்று என்பது அன்றே தெரிந்த உண்மை.

பாவித்த பொருளுக்கு ஒரு சந்தையை உண்டாக்கியது வேறொரு மாற்றம். 1976இல் பெயர்ச்சைல்ட் நிறுவனத்தாரின் சனல் எப் என்னும் கருவி, ஆட்டத்தைக் கருவியினின்றும் பிரித்துத் தனிப் பேழையில் அடைத்துத் தந்தது. அடுத்த ஆண்டு வந்த அட்டாரி அவ்வழியையே பெருவழியாக்கிற்று. பிள்ளைகள் வாயில் ‘கேசட்’ என வழங்குவது இப்பேழையே. கருவி ஒன்று, ஆட்டம் பல என்றானவுடன் சலித்த ஆட்டத்தை விற்று வேறொன்றை வாங்கலாம் என்னும் எண்ணமும் கூடவே பிறந்தது. உண்மையை நோக்கின், குடும்பத்தைப் பெரிதும் வருத்துவது பெட்டியின் விலையன்று. பெட்டி வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொன்றாக வரும் ஆட்டங்களின் விலையே. வியாபாரிகள் அதனை நன்கறிவர். பெற்றோர் அறிவது பின்னர்.

மலிவு எப்பொழுதும் இலாபமன்று என்பதை அமெரிக்கக் குடும்பங்கள் 1983இல் கற்றன. கருவிகளும் ஆட்டங்களும் தரம் பாராது மிகையாகச் செய்யப்பட்டுக் கடைகளில் தேங்கின. முப்பது நாற்பது டொலர் விலையுள்ள ஆட்டங்கள் ஐந்து டொலருக்குக் கூடைகளிற் கொட்டி விற்கப்பட்டன. விற்கவியலாத சரக்கை அட்டாரி நிறுவனத்தார் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ என்னும் ஊரிலே குப்பை மேட்டிற் புதைத்தனர். 2014இல் அவ்விடம் தோண்டப்பட்டுக் கேசட்டுகள் மீண்டும் வெளிவந்தன. அவ்வாண்டுகளில் மலிவாகப் பெட்டி வாங்கியோர் ஏமாற்றப்பட்டோர் எனச் சொல்லமுடியாது. பெட்டி நல்ல பெட்டியே. ஆயின் அதற்குப் புதிய ஆட்டம் செய்வார் இல்லாது போயினர்.

அதே 1983ஆம் ஆண்டு யூலையில் யப்பானிலே நின்டெண்டோ நிறுவனத்தார் பமிக்கொம் என்னும் பெட்டியை 14,800 யென்னுக்கு வெளியிட்டனர். அமெரிக்காவிலே விளையாட்டுப் பெட்டி என்ற பெயரைக் கேட்டாலே கடைக்காரர் முகஞ்சுளித்த காலம் அது. ஆகவே 1985இல் அங்கு அனுப்பிய வடிவத்தை, வீடியோ நாடாக் கருவிபோல முன்புறமாகக் கேசட்டை நுழைத்து அழுத்தும்படி மாற்றினர். வணிகத்துக்கு அது வெற்றி. பொறிக்கு அது குறை. உள்ளிருந்த இணைப்பு ஊசிகள் நாளடைவில் தளர்ந்தன. அதனோடு, அங்கீகாரமற்ற கேசட்டுகளைத் தடுக்கவைத்த பூட்டுச் சில்லு, தொடர்பு சற்றுப் பிசகினாலும் கருவியை ஓயாது அணைத்து எழுப்பிற்று. பிள்ளைகள் கேசட்டின் வாயிலே ஊதிப் பார்த்தனர். ஊதினாற் சரியாகும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும், ஊதாதீர் என்று நிறுவனத்தாரே எச்சரித்தும் எவர் கேட்டனர்? உண்மையில் கேசட்டை எடுத்து மீண்டும் செருகியதே பல வேளைகளில் வேலை செய்தது. 1993இல் மேற்புறமாகச் செருகும் வடிவம் 49.99 டொலருக்கு வந்தபொழுதே அக்குறை நீங்கிற்று.

பழுதைப் பார்த்து வாங்கும் வித்தையைத் தொழிலாக்கியோரும் உளர். மினசோட்டாவில் 1988இல் தபால் வியாபாரமாக ஆரம்பித்த பன்கோலான்ட் அவற்றுள் முதன்மையானது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இன்ன விலை எனப் பத்திரிகைத் தாளில் அச்சிட்ட நீண்ட பட்டியலை அதன் கடைகள் வழங்கின. வாங்குவோர் கடையிலேயே ஆடிப் பார்த்து எடுக்கலாம். பாவித்த பொருளை வாங்கும் பெற்றோருக்கு இதனினும் நேரிய ஏற்பாடு பின்னரும் அரிதாகவே அமைந்தது. 2000இல் அந்நிறுவனம் புத்தக வணிகரான பார்ன்ஸ் அன்ட் நோபிள் நிறுவனத்தார் வசமாகி, பின்னர் கேம்ஸ்டொப் என்னும் பெருங் கடைத்தொகுதியில் ஒன்றிற்று.

ஆட்டத்தைச் செய்தவர்கள் இவ்வியாபாரத்தை விரும்பவில்லை. அவர்தம் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த ஆட்டம் ஐந்து வீடுகளுக்குக் கைமாறினும் செய்தவருக்கு ஊதியம் ஒருமுறைதான். மறுபுறத்திலே, யப்பானில் 1990களின் நடுவிலே புதிய கேசட்டுச் சில 10,000 யென்னுக்கு மேல் விற்றன. எந்தப் பிள்ளையின் கைக்காசுக்கு அது எட்டும்? வழக்கு நீதிமன்றம் ஏறியது. யப்பானியப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படங்களுக்கு மட்டும் ஒரு விசேட உரிமையை அளித்திருந்தது: படச்சுருள் எங்கெங்கு செல்லவேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம். ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்குச் சுருள் போகும் வழக்கத்தை மனத்திற்கொண்டு செய்த விதி அது. ஆட்டத்திலும் படம் அசைகின்றது. ஆகவே ஆட்டமும் திரைப்படமே. எங்கள் அனுமதியின்றிப் பாவித்த ஆட்டத்தை விற்கலாகாது என்றனர் தயாரிப்பாளர்.

1999ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஆட்டம் திரைப்படமன்று, விற்பனை குற்றமன்று என்றது. அதே ஆண்டு ஒக்தோபரில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம், ஆட்டம் திரைப்படமே, விற்பனை உரிமை மீறலே என்றது. ஒரே நாட்டிலே கிழக்கே நல்வணிகமாயிருந்தது மேற்கே குற்றமாயிற்று. 2001ஆம் ஆண்டு மார்ச்சில் இரு நகர மேல்நீதிமன்றங்களும் இரண்டு நாள் இடைவெளியிற் கடைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தன. இறுதியாக 2002ஆம் ஆண்டு ஏப்ரில் 25ஆந் திகதி யப்பானிய உச்ச நீதிமன்றம் நுட்பமான விடை கூறிற்று. ஆட்டம் திரைப்பட வகையைச் சார்ந்ததே. ஆயினும் வீட்டிலாடப் பொதுமக்களுக்கு ஒருமுறை விற்றவுடன் அந்த விநியோக உரிமை தீர்ந்துவிடும். முறைப்படி வாங்கியவர் விற்கலாம், வாங்குபவர் வாங்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே ஒரு நாவலைப்பற்றி இதனையொத்த முடிவுக்கு வந்திருந்தது. ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாதென நூலிலே அச்சிட்டிருந்தும், 89 சதத்துக்கு விற்ற கடைக்காரர் அவ்வழக்கில் வென்றார்.

சட்டத்தால் முடியாததைப் பொறியால் முடிக்கலாம் என்னும் எண்ணம் பின்னர் எழுந்தது. 2013ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் வண் என்னும் புதுக் கருவியை அறிமுகஞ்செய்தது. அது நாளுக்கொருமுறை இணையத்தோடு தொடர்பு கொள்ளல் வேண்டும். ஆட்டத்தட்டைப் பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் கட்டுப்பாட்டுக்குட்படும் என்பதும் அப்பொழுது வெளியாயிற்று. போட்டியாளரான சோனி நிறுவனத்தார் அரை நிமிடமும் ஆகாத படம் ஒன்றை வெளியிட்டு மறுமொழி கூறினர்: ஒருவர் மற்றவரின் கையிலே தட்டைக் கொடுக்கின்றார், பகிரும் முறை அவ்வளவே. மக்கள் நகைத்தனர், சினந்தனர். யூன் 19ஆந் திகதி மைக்ரோசொப்ட் தன் விதிகளைக் கைவிட்டது. இந்நிறுவனமே முன்னொருகால் தன் குறைக்குப் பெருந்தொகை கொடுத்ததையும் மறத்தலாகாது. 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் கருவிகள் பல, வெம்மையால் உள் இணைப்புகள் விண்டு, மூன்று செவ்விளக்குகளைக் காட்டி நின்றன. 2007இல் அப்பழுதுக்கான பொறுப்புக் காலம் மூன்றாண்டாக நீட்டப்பட்டது. அதற்கென ஒதுக்கிய தொகை 100 கோடி டொலருக்கும் மேல். பாவித்த கருவி வாங்குபவருக்கு அம்மூன்றாண்டு முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்தே ஓடிற்று. செய்த ஆண்டு யாது என வினவுதல் அற்பமான வினாவன்று.

2013இல் தோற்ற எண்ணம் பின்னர் ஓசையின்றி வேறு வாயிலால் உட்புகுந்தது. 2020இல் வந்த பிளேஸ்ரேசன் 5 கருவியின் ஒரு வகைக்குத் தட்டுச் செருகும் வாயே இல்லை. ஆட்டம் இணையத்தால் இறங்கி, வாங்கியவரின் கணக்கோடு கட்டுண்டு கிடக்கின்றது. அத்தகைய பெட்டியை விற்பவர் எத்தனை ஆட்டம் வாங்கியிருந்தாலும் வாங்குபவருக்கு அவை சேரா. ஆட்டக் கடைகளும் மூடப்படுகின்றன: நின்டெண்டோவின் வீ கருவிக்குரிய இணையக் கடை 2019ஆம் ஆண்டு சனவரியிலும், வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் கடைகள் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் விற்பனையை நிறுத்தின. பெட்டி மலிவு, தட்டோ கேசட்டோ கைக்கு வருகின்றதா என்பதே கேள்வி.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தமையால் ஒடிசியின் காலம் இங்கு யாருக்கும் தெரியாது. ஆயினும் வெளிநாட்டுச் சுற்றத்தார் தம் பிள்ளைகள் ஆடி விட்ட பெட்டியைக் கொடுத்தனுப்புதல் இங்கும் நடப்பதே. யப்பானின் மின்சாரம் 100 வோல்ற், இங்குள்ளது 230. பழைய பமிக்கொம்மின் மின்மாற்றியை நேரே சுவரிற் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடியும்.

எல்லாம் பார்த்து வாங்கிய பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. பழைய கேசட்டுகள் பலவற்றுள் ஆட்டக்காரரின் நிலையைக் காத்துவைக்கச் சிறியதொரு மின்கலம் உண்டு. 1999இல் வந்த போக்கிமொன் கோல்ட், சில்வர் ஆட்டங்களில் அது ஒரு கடிகாரத்தையும் ஓட்டுவதால் விரைவிற் தீரும். தீர்ந்தால், பிள்ளை பகல் முழுதும் ஆடியது கருவியை அணைத்ததும் மறைந்துபோம். மின்கலம் உயிரோடிருந்தாலோ, முன்னே ஆடிய பிள்ளையின் பெயரும் அது பிடித்து வளர்த்த பிராணிகளும் அதற்குள்ளே அப்படியே இருக்கும். அவ்வாட்டத்திலே ஒருவருக்குத்தான் இடம். புதிய பிள்ளை தன் ஆட்டத்தைக் காத்துவைக்க விரும்பின், முகமறியாத அப்பிள்ளையுடையதை அழிக்கவேண்டும். அமெரிக்காவில் 1987இல் வந்த செல்டா கேசட்டிலோ பெயருக்கு மூன்று இடங்கள் உண்டு. கைமாறி வந்த அத்தகைய கேசட்டைச் செருகித் திறக்கும்பொழுது, இரண்டு இடங்களில் எவரோ இருவர் பெயர் நின்று, மூன்றாவது வெறுமையாய் இருத்தலுங் கூடும்.