ஏட்டில் ஏறாத சேவை

போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து வழிபட்டவர்கள் நம் முன்னோர். கல் நடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் நிலை நிலையாக வகுத்துரைக்கிறது. தமிழகத்துச் செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் பல, அரசரைப் பாடுவன அல்ல. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட சிற்றூர் வீரர்களின் பெயர்களைச் சுமந்து நிற்பன. ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்வெளிய வீரர் இன்னார் என்று நாம் அறிகிறோம். காரணம், அன்றே ஒருவர் எழுதிவைத்தார் என்பதே.

இன்றைய அரசுகள் நடும் கல் யாது? அது படைத்துறையின் பணிப்பதிவேடு ஆகும். வீரனின் பெயர், எண், சேர்ந்த நாள், சேர்ந்த பிரிவு, பணியாற்றிய களம், விலகிய நாள் ஆகியவை அதில் இருக்கும். பதக்கமும் ஓய்வூதியமும் அந்த ஏட்டைப் பார்த்தே வழங்கப்படும். சான்றாக, இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நேசநாட்டுப் படைகளில் பணியாற்றியவர்க்குப் பசிபிக் விண்மீன் என்னும் பதக்கம் உரியதாயிற்று. அந்நாள்களில் பணியாற்றியதை ஏடு சொல்லவேண்டும். ஏடு சொல்லாவிடின் களத்தில் நின்றவனும் நில்லாதவனே ஆவான். பிழையான ஏட்டைத் திருத்துதல் எழுத்தர்களின் அலுவல் மட்டுமன்று. அது வரலாற்றுக்குச் செய்யும் நீதி.

இக்கருத்தை மலாயாத் தமிழர் வரலாற்றிலிருந்தே விளக்கலாம்.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு பொழிந்தன. சில நாள்களில் ஐரோப்பியர்கள் ஓசையின்றித் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். இலங்கைத் தமிழரும் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியருமான சரவணமுத்து முதலியோர் குழு அமைத்து நகரின் ஒழுங்கைக் காத்தனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கியவரும் அவரே. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் பினாங்கினுள் புகுந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர்கள் ஓரிரவில் கைவிட்டுச் சென்றதைக் கண்ட மக்கள், அவர்கள்பால் கொண்ட பற்றினை இழந்ததில் வியப்பில்லை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் உருவாகத் தொடங்கியது. பினாங்கு வழக்கறிஞரான என். இராகவன் இந்திய சுதந்திர லீக்கின் தலைவர்களுள் ஒருவரானார். அவர் பொறுப்பில் பினாங்கில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று நடைபெற்றது. அங்குப் பயின்ற இளைஞர் சிலர், 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல் வழியாக இந்தியாவுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டனர். ஒரு குழு மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியதும் அகப்பட்டுக்கொண்டது. வழக்கு நடந்தது. வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

இந்நால்வரின் பெயர்களை நாம் எவ்வாறு அறிகிறோம்? அவர்கள்மீது வழக்குத் தொடர்ந்த ஆட்சியின் நீதிமன்ற ஏடுகள் அவற்றைக் காத்துவைத்தன. பகைவன் எழுதிய குற்றப்பத்திரிகையே பிற்காலத்தில் தியாகச் சான்றிதழாக மாறியது. ஆனால் வழக்கின்றி, சிறையின்றி, பர்மாக் காடுகளில் பசியாலும் மலேரியாவாலும் மடிந்தவனுக்குக் குற்றப்பத்திரிகையும் இல்லை. ஆகவே சான்றிதழும் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின் படையின் தன்மை மாறியது. அதுவரை பெரும்பாலும் போர்க்கைதிகளைக் கொண்டிருந்த படையில், மலாயாவின் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். பால்மரம் சீவியவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், கடைச் சிப்பந்திகள். அதே ஆண்டு அக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படைப்பிரிவின் பயிற்சி முகாம் தொடங்கியது. தோட்டத்துப் பெண்களும் நகரத்து மாணவியரும் ஒரே வரிசையில் துப்பாக்கி ஏந்தி நின்றனர்.

எனவே அப்படையில் இருவகை வீரர்கள் இருந்தனர் எனலாம். முதல் வகையினர் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தோர். அவர்களுக்கு ஏடு இருந்தது. ஆனால் அந்த ஏட்டில் கறை ஏற்றப்பட்டது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் எழுச்சி கண்டு, 1946 ஜனவரி 3ஆம் நாள் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். எனினும் பதவி நீக்கமும், சம்பள நிலுவைப் பறிமுதலும் நிலைத்தன. விடுதலை பெற்ற இந்தியாவும் அவர்களைத் தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகையினர் மலாயாவின் குடிமக்கள். அவர்களுக்குத் திருத்துவதற்கும் ஏடு இல்லை. தோல்வி நெருங்கிய நாள்களில் ஆவணங்கள் பல எரிக்கப்பட்டன. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தெறிந்தனர். ஆவணமும் போயிற்று, கல்லும் போயிற்று.

ஏடு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். சென்னைச் சுரங்கப் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து படுத்துத் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவர்க்கு வழங்கப்பட்டது. அதே 1944இல் இம்பால் போர்க்களத்திலும் தமிழர் மாண்டனர். அவர்கள் எத்தனை பேர், எவ்வூரார், யார் மக்கள் என்பதைச் சொல்லும் முழுமையான பட்டியல் நம் கையில் இல்லை. இருவரும் தமிழரே, வீரம் இருவர்க்கும் பொது, ஏடு மட்டும் ஒருவர்க்கே வாய்த்தது.

திருத்தம் மெல்ல மெல்லவே வந்தது. இந்திய விடுதலையின் வெள்ளி விழாவாகிய 1972 ஆகஸ்ட் 15இல் விடுதலைப் போராட்ட வீரர்க்கான ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் சான்று வேண்டும் என்னும் நிபந்தனை குறுக்கே நின்றது. சிறைச் சான்றிதழ் கேட்டனர். அஃது இல்லையெனில் உடன் சிறையிருந்தோரின் சான்று கேட்டனர். தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் பர்மாவில் போரிட்டு, கால்நடையாகத் திரும்பித் தோட்டத்திலேயே மீண்டும் பால்மரம் சீவிய ஒருவர், சான்றிதழுக்கு எங்கே போவார்? இக்கொடுமையை இந்திய உச்ச நீதிமன்றமும் உணர்ந்தது. காலந்தாழ்ந்து விண்ணப்பித்தார் என்பதற்காக ஒருவரை மறுத்தல் கூடாதென 1993இலும், குற்ற வழக்கிற்கு வேண்டிய கடுமையான சான்றினை இத்தகையோரிடம் எதிர்பார்த்தல் தகாதென 2001இலும் அது தீர்ப்புரைத்தது.

சிங்கப்பூரில் தகர்க்கப்பட்ட சின்னம் இருந்த இடத்தில் 1995இல் அடையாளப் பலகை நிறுவப்பட்டது. ஜான்சி ராணிப் படையின் தலைவி லட்சுமி சாகல் 1998இல் பத்ம விபூஷண் விருதும், மலேசியாவின் ஜானகி ஆதி நாகப்பன் 2000இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். 2019 குடியரசு நாள் அணிவகுப்பில், தொண்ணூறு வயதைக் கடந்த இந்திய தேசிய இராணுவ வீரர் நால்வர் முதன்முறையாக இடம்பெற்றனர். இவை யாவும் போற்றத்தக்கன. ஆயினும் இச்சிறப்புகள் பெயர் தெரிந்தவர்க்கே சென்றன. பெயர் தெரியாதார் நிலை மாறவில்லை.

நூறாண்டு கடந்தும் ஏட்டைத் திருத்தலாம் என்பதற்கு உலகச் சான்று ஒன்று உண்டு. போரில் மாண்டோர் அனைவரையும் சமமாக நினைவுகூர்தலைக் கொள்கையாகக் கொண்டு 1917இல் தோன்றியது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்படவே இல்லை என்றும் 2021இல் அது தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. பேரரசின் ஏடே திருத்தப்படுமாயின், நம் ஏட்டை நாம் எழுதத் தயங்குவது ஏன்?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏடு திருத்துதல் என்பது புகழ் கூட்டுதல் அன்று. இந்திய தேசிய இராணுவம் யாருடன் தோளிணைந்து நின்றதோ, அதே ஜப்பானியர் ஆட்சியில்தான் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதையில் மாண்டனர். இவ்வுண்மையை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. ஊதியமும் உணவும் நாடிச் சேர்ந்தோர் இருந்திருக்கலாம். கொள்கைப் பற்றால் சேர்ந்தோரும் இருந்தனர். அவரவர் செய்ததை அவரவர் பெயரில் உள்ளபடி எழுதுவதே கடமை.

அக்கடமை தமிழாசிரியர்களாகிய நம்மிடமும் வந்துள்ளது. பத்தாங்காடு முதல் பட்டர்வொர்த் வரை, நிபோங் திபாலின் தோட்டங்கள் வரை, எத்தனையோ வீடுகளின் பழைய பெட்டிகளில் சீருடைப் படமோ, லீக்கின் நன்கொடைச் சீட்டோ, கடிதமோ உறங்கிக் கிடக்கலாம். மாணவர்கள் தம் இல்லத்து முதியோரிடம் கேட்டெழுதட்டும். சொன்னவர் யார், கேட்ட நாள் எது, நேரில் கண்டதா செவிவழிச் செய்தியா என்பதையும் உடன் குறிக்கட்டும். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடட்டும். முனியாண்டி என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தர் ஒவ்வொரு விதமாக எழுதியதால் ஒருவரே ஏட்டில் இருவராவதும், இருவர் ஒருவராவதும் உண்டு. ஆதலின் பெயரைத் தமிழில், தந்தை பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவைத்தல் இன்றியமையாதது. இஃது எளிய வேலையாகத் தோன்றலாம். நாளை ஓர் ஆய்வாளர்க்கோ அலுவலர்க்கோ அதுவே முதற்சான்றாகும்.

நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். பதக்கம் தருதல் அரசின் கையில் உள்ளது. பெயரை எழுதுதல் நம் கையில் உள்ளது. சிற்றூர் மறவனின் பெயரைக் கல்லில் வெட்டிய அந்தப் பழைய எழுத்தரின் பணியை நாமும் இன்றே தொடங்குவோமாக.