பெருவழியும் சுங்கமும்: தொண்டை நாட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாமண்டூரையும் பின்னால் விட்டால் வருவது படாளம். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள ஊர் இது. இவ்வூரார் வடக்கே சென்னைக்குக் காரில் புறப்பட்டால் பரனூரில் ஒரு சுங்கச்சாவடி. தெற்கே திண்டிவனத்திற்குப் புறப்பட்டால் ஆத்தூரில் மற்றொன்று. இடையில் வாழும் மக்களுக்குச் சுங்கம் என்பது வெளியூர்ப் பயணத்தின் செலவு அன்று. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போய்வருகிற அன்றாட வாழ்வின் செலவு.

இச்சுங்கம் நியாயமானதா என்னும் வினா கட்டணம் உயரும் போதெல்லாம் எழுகிறது; சில நாட்களில் அடங்கியும் விடுகிறது. இது நம் காலத்தில் முளைத்த புதுச் சிக்கல் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் வழிச்செல்வோரிடம் வரி வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு, எத்தனை முறை, எதற்காக என்னும் வினாக்கள் மிகப் பழமையானவை. தமிழ் மரபும் இஸ்லாமிய மரபும் இவற்றுக்கு விடை தேடியுள்ளன. அவ்விடைகளைச் சற்று நினைவுகூர்வது இன்றைய விவாதத்திற்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

உல்கும் காவலும்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டுப் பெருவழிகளைக் காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளுடன் வணிகர் செல்லும் அவ்வழிகளில் 'உல்கு' எனப்பட்ட சுங்கம் பெறப்பட்டது; வில்லேந்திய வீரர்கள் அங்கே காவல் இருந்தனர். வாங்கிய சுங்கத்திற்குக் கைம்மாறாக வழிக்குக் காவல் கிடைத்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் முதலாம் குலோத்துங்கன் (1070–1122) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்டான். ஒரு வரியை நீக்கியது மன்னனுக்குப் பட்டப்பெயராகவே நிலைத்தது என்றால், அவ்வரி மக்களை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஒரு குதிரையின் வழக்கு

இஸ்லாமிய ஆட்சியில் வணிகச் சுங்கத்தை முறைப்படுத்தியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இமாம் அபூயூசுஃப் (மறைவு 798) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார். தக்லிப் குலத்துக் கிறித்தவ வணிகர் ஒருவர் இருபதாயிரம் திர்ஹம் மதிப்புள்ள குதிரையுடன் வந்தார். சுங்க அதிகாரி ஸியாத் இப்னு ஹுதைர் அவரிடம் ஆயிரம் திர்ஹம் பெற்றார். அதே ஆண்டில் அவ்வணிகர் அதே குதிரையுடன் திரும்பியபோது மீண்டும் ஆயிரம் கேட்கப்பட்டது. அவர் மக்காவுக்கே சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். கலீஃபா சுருக்கமாக மறுமொழி கூறி அனுப்பிவிட்டார். தம் முறையீடு எடுபடவில்லை போலும் என எண்ணி, இரண்டாம் முறையும் செலுத்தும் மனநிலையுடன் அவர் திரும்பிவந்தார். ஆனால் அவருக்கு முன்பே கலீஃபாவின் மடல் வந்து சேர்ந்திருந்தது: ஒருமுறை செலுத்தியவரிடம் அவ்வாண்டு முடியும் வரை மீண்டும் வாங்கலாகாது.

முறையிட்டவர் முஸ்லிம் அல்லர். எதிர்த்து முறையிடப்பட்டவரோ அரசின் அலுவலர். ஆயினும் ஒரே பொருளுக்கு இருமுறை வாங்குவது அநீதி என்னும் நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது. பின்வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720), எல்லையில் வரி பெறுவோர், பெற்ற தொகைக்கு அடுத்த ஆண்டுவரை செல்லத்தக்க சீட்டு எழுதித் தரவேண்டும் எனப் பணித்தார். ரஃபாவில் இருந்த சுங்க மனையை இடித்துக் கடலில் எறியுமாறு அவர் ஆணையிட்ட செய்தியும் வரலாற்றில் உண்டு. உரிமையின்றி வழிமறித்து வாங்கும் அத்தகைய வரிக்கு 'மக்ஸ்' என்று பெயர். அதை மார்க்க அறிஞர்கள் கடுமையாகக் கண்டித்தனர்.

அப்படியானால் பொதுத் தேவைக்காக எந்தப் புதிய வரியுமே கூடாதா? இமாம் கஸ்ஸாலியும் (மறைவு 1111) அந்தலூசிய அறிஞர் ஷாத்திபீயும் (மறைவு 1388) இதை ஆராய்ந்துள்ளனர். பொதுக் கருவூலம் வறண்டு, தேவை மெய்யாகவே இருக்குமானால், நீதியுள்ள ஆட்சியாளர் இயன்றவர்களிடம் வாங்கலாம். ஆனால் அது தேவையின் அளவுக்குள் இருக்க வேண்டும், அத்தேவைக்கே செலவாக வேண்டும். அவர்களின் வாதத்தின் சாரம் இதுவே. தேவை தீர்ந்தபின் தொடரும் வரிக்கு இந்த வாதத்தில் இடமில்லை.

ஆணைக்கும் சாவடிக்கும் இடையே

1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர் பிறப்பித்த பன்னிரண்டு ஆணைகளில் முதலாவது, தம்கா முதலிய சுங்கங்களைத் தடை செய்தது. கள்வர் பயமுள்ள வழிகளில் சராய்களும் பள்ளிவாசல்களும் கிணறுகளும் அமைக்க வேண்டும் என அடுத்த ஆணை கூறிற்று. அவுரங்கசீப்பும் தம் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே 'ராஹ்தாரி' எனும் வழிச்சுங்கத்தை நீக்கினார். எனினும் ஜமீன்தார்களும் ஃபவ்ஜ்தார்களும் அதைத் தொடர்ந்து வாங்கினர் என வரலாற்றாசிரியர் காஃபீ கான் குறைபட்டுக் கொள்கிறார். தலைநகரில் எழுதப்படும் ஆணை, தொலைவிலுள்ள சாவடியில் நடைமுறைக்கு வருவதில்லை என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

நம் பகுதிக்கு வருவோம். செங்கல்பட்டுச் சீமையை நவாப் முகம்மது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். சாயர் எனப்பட்ட உள்நாட்டுச் சுங்கம் கம்பெனி ஆட்சியிலும் நீடித்தது. வங்காளத்தில் இச்சுங்கம் வணிகத்தை எவ்வாறு நெரிக்கிறது என்பதை 1830களில் சார்லஸ் டிரெவெல்யன் விரிவான அறிக்கையாக எழுதினார். இவரே பின்னாளில் சென்னை ஆளுநராக வந்தவர். வங்காளத்தில் 1836இலும் சென்னை மாகாணத்தில் 1844இலும் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் இங்கு அதன் இழப்பை ஈடுகட்ட உப்பின் விலை உயர்த்தப்பட்டது. வழிச்சுங்கம் போய், சாலையையே காணாத ஏழையின் கஞ்சிக் கலயத்தில் வரி விழுந்தது. சுங்கத்தை ஒழிப்பது மட்டுமே நீதி ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

1851ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் சாலைகளிலும் பாலங்களிலும் கட்டணம் பெற அரசுக்கு அதிகாரம் அளித்தது. அவ்வருவாய் சாலை, பாலங்களின் கட்டுமானத்திற்கும் பராமரிப்பிற்குமே செலவாக வேண்டும் என்றும் அது விதித்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இல் பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து மத்திய சாலை நிதி தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1931ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம் சாலைச் சுங்கங்களுக்கு மாற்றாக வந்தது. அதாவது, வாகன வரி செலுத்துவோர் சாவடியில் நிற்க வேண்டியதில்லை என்பதே அன்று ஏற்பட்ட உடன்பாடு.

பரனூரின் கணக்கு

அந்த உடன்பாடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1995இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் திருத்தப்பட்டுத் தனியார் முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. தாம்பரம்–திண்டிவனம் இடையே 93 கிலோமீட்டர் நீளத்தில் நான்கு வழிச்சாலை அமைந்தது இம்முறையில்தான். ஒரு தனியார் நிறுவனம் முதலிட்டுச் சாலையை அமைத்தது. பதினேழரை ஆண்டு ஒப்பந்தக் காலத்தில் அரசு அதற்குத் தவணைத் தொகை வழங்க உடன்பாடாயிற்று. இத்தகைய ஒப்பந்தத்தில் சாவடியில் வசூலாகும் பணம் சாலை அமைத்த நிறுவனத்திற்குச் செல்வதில்லை. நெடுஞ்சாலை ஆணையத்தின் வழியாக அரசுக்கே செல்கிறது. ஆகவே கணக்குக் கேட்க வேண்டிய இடமும் அரசே.

இதற்கிடையே பெட்ரோல், டீசல் மீதான சாலை வரி நீங்கவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது வலுப்பெற்றது. வாகன வரியும் நீங்கவில்லை. ஒரே சாலைக்கு மூன்று இடங்களில் செலுத்துகிறோமோ என்னும் ஐயம் மக்களுக்கு எழுவது இயல்பே. தக்லிப் வணிகரின் குதிரை நம் நினைவுக்கு வருகிறது.

2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகள், முதலீடு மீண்டபின் கட்டணத்தை 40 விழுக்காடாகக் குறைக்க வகை செய்திருந்தன. 2023 அக்டோபர் திருத்தம் அக்குறைப்பை நீக்கியது. அதே 2023இல் வெளியான தணிக்கைத் துறையின் அறிக்கை, தென்மாநிலச் சாவடிகளை ஆராய்ந்து, பரனூரைப் பற்றியும் குறை கூறியது. 1954இல் பொதுப்பணத்தில் கட்டி முடிக்கப்பட்ட பாலாற்றுப் பாலத்திற்கும் சேர்த்துக் கட்டணம் பெற்றது விதிகளுக்குப் புறம்பானது என்பது அதன் கண்டறிதல்களுள் ஒன்று. படாளத்து மக்கள் செங்கல்பட்டு செல்லக் கடக்கும் பாலம் அது. சென்ற தலைமுறை ஒருமுறை கொடுத்து முடித்ததற்கு இத்தலைமுறையிடம் மறுபடியும் வாங்கப்பட்டது என்றே இதற்குப் பொருள்.

சுங்கம் முடிவற்றது அன்று என்பதற்கும் இதே வட்டாரம் சான்றாக நிற்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் நான்கு சாவடிகள் 2021 ஆகஸ்டிலும், நாவலூர்ச் சாவடி 2023 அக்டோபரிலும் வசூலை நிறுத்தின. ஆனால் நிறுத்தினால் மட்டும் போதுமா? கிளாம்பாக்கம் பேருந்து முனையம் முதல் மறைமலை நகர், மகேந்திரா சிட்டி வரை நகரம் தெற்கே வளர்ந்துகொண்டே வருகிறது. சாலைகள் அகல வேண்டும், பாலங்கள் வேண்டும், பராமரிப்பு வேண்டும். அச்செலவைப் பொதுவரியில் ஏற்றினால், 1844இன் உப்பைப் போல, கார் இல்லாதவரும் அதைச் சுமக்க நேரும். சாலையைப் பயன்படுத்துவோர் அதன் செலவில் பங்கேற்பது தன்னளவில் அநீதி அன்று.

ஆகவே சுங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அது எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதே உரிய வினா. கஸ்ஸாலியும் ஷாத்திபீயும் வகுத்த நிபந்தனைகள் இங்குப் பொருந்துகின்றன. தேவை மெய்யானதா? அதற்கே செலவாகிறதா? எப்போது முடியும்? இவற்றோடு உமர் (ரலி) அவர்களின் நான்காம் வினாவும் சேர வேண்டும்: ஒரே பொருளுக்கு இருமுறை வாங்கப்படுகிறதா?

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பின் சாவடியில் கைநீட்டிப் பணம் பெறுவோர் குறைந்துவிட்டனர். 2025 ஆகஸ்டில், 3,000 ரூபாய்க்கு 200 முறை சாவடி கடக்க உதவும் ஆண்டுச் சீட்டு சொந்தக் கார்களுக்கு அறிமுகமானது. ஆண்டுக்கொரு முறை என்னும் பழைய நெறியை இது ஓரளவு நினைவூட்டுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பணம் கண்ணுக்குப் படாமல் கழியும் போது கணக்குக் கேட்கும் பழக்கமும் நம்மைவிட்டுக் கழிந்துவிடக் கூடாது. இச்சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, இன்னும் எத்தனை ஆண்டு என்பதைப் படாளத்துக் கரும்பு விவசாயியும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஆண்டுதோறும் ஊர்தோறும் வெளியிடுவது அரசுக்கு அரிய செயலன்று.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். வழியில் கிடக்கும் கல்லும் முள்ளும் மட்டுமே இடையூறு அல்ல; கணக்குக் காட்டாத வசூலும் இடையூறே. அந்த வணிகர் தம் வழக்கை எடுத்துக்கொண்டு மக்கா வரை சென்றார். நாம் நம் ஊராட்சி மன்றத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்டால் போதும். கேட்பது நம் உரிமை மட்டுமன்று. அது நம் கடமையும் ஆகும்.