ஏடும் ஓட்டமும்

தேர்வு நெருங்கினால் திடலை மறக்கச் சொல்லும் பெற்றோர் எங்கள் கெலாங் பாத்தாவிலும் உளர். விளையாட்டு கல்வியைக் கெடுத்துவிடும் என்பது அவர்தம் அச்சம். டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் அவர்களின் வரலாறு அவ்வச்சத்திற்குத் தக்க விடையாகும்.

1943ஆம் ஆண்டு பேராக்கில் பிறந்த இத்தமிழர், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடியபோது அவருக்கு வயது 16. பின்னர்ச் சிங்கப்பூரில் மருத்துவம் பயின்றார், ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை முன்னேறினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் என 3 தங்கங்கள் அவரைச் சேர்ந்தன. அவ்வாண்டே நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருதும் பெற்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் கடந்தார். அத்தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து, 2017இல்தான் முறியடிக்கப்பட்டது.

ஓட்டம் ஓய்ந்தபின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராய் விளங்கினார். ஏடு ஒரு கையிலும் திடல் மறு கையிலுமாக வளர்ந்த வாழ்வு அது.

எல்லா மாணவரும் ஒலிம்பிக் செல்லப் போவதில்லை. எனினும், ஒரு சிறுவனைத் திடலிலிருந்து திருப்பி அழைக்குமுன், பெற்றோரும் ஆசிரியராகிய நாமும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.