கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: ஒரு பழைய பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1984-ல் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர். மீனவர் வீட்டுப் பிள்ளை. இப்போது ஊரில் சின்னதாக டீக்கடை வைத்திருக்கிறார். "சார், பேத்தி கடல் மீன் தொட்டி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. அஞ்சாயிரத்துக்கு மேல நமக்குக் கட்டாது. ஆனா கடல் மீன் வீட்டுல பிழைக்காதுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருடம் வகுப்பறை ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தேன். குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினோம். மறுநாளே இவர் ஒரு வாளியில் எட்டு சின்ன மீன்களைக் கொண்டுவந்தார். நாலாம் நாள் தண்ணீர் கலங்கி, எட்டும் செத்து மிதந்தன. பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பிடிக்கும்போதே நசுக்கிட்டான். அதோட, கடல் மீன் தொட்டியில பிழைக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்த வரலாறு.

கடல் உயிர்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் ழான் வில்லப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தையல் வேலை பார்த்தவர். திருமணமாகி சிசிலித் தீவின் மெஸ்ஸினாவுக்குப் போனார். ஆர்கோனாட் என்ற எண்காலி உயிரினம் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, துறவி நண்டு மாதிரி வேறொன்றின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்று அப்போது பெரிய சர்ச்சை. 1830-களில் இவர் கண்ணாடித் தொட்டியிலும் கடலில் இறக்கிய கூண்டிலும் அதை வைத்துக் கவனித்து, தானே செய்கிறது என்று நிரூபித்தார்.

அடுத்தவர் லண்டனில் இருந்த அன்னா தைன் அம்மையார். 1846-ல் டார்க்கீ என்ற கடலோர ஊருக்குப் போனவர், சில பவள உயிர்களை ஒரு கல் ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலோ தூரம், தினமும் புதுத் தண்ணீருக்கு வழியில்லை. அதனால் அதே தண்ணீரைத் திறந்த ஜன்னல் முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது வீட்டு வேலைக்காரப் பெண். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான். இன்று நாம் வாங்கும் ஏர் பம்ப் செய்கிற வேலையை அன்று அந்தப் பெண்ணின் இரண்டு கைகள் செய்தன. அடுத்த வருடம் கடற்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தது மட்டுமல்ல, பெருகவும் செய்தன.

ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலர். ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களும் கொஞ்சம் நீர்ச்செடியும் விட்டார். செடி மீனுக்கு மூச்சுக் கொடுத்தது. ஆனால் அழுகிய இலையால் தண்ணீர் கெட்டது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதை வெளியிட்டார். பிறகு கடல் நீரிலும் செய்து பார்த்தார். செடி, மீன், துப்புரவாளர் மூன்றும் சமமாக இருந்தால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்பது அவர் பாடம்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. அதன் பெயரால்தான் அக்குவேரியம் என்ற சொல் வீடு வீடாகப் பரவியது. கண்ணாடி மீதிருந்த வரியும் 1845-லேயே நீங்கி, தொட்டி மலிவாகியிருந்தது. கடலுக்குப் போக முடியாதவர்களுக்காக சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு நான்கையும் கலந்து செயற்கைக் கடல் நீரும் செய்து காட்டினார் காஸ். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் இன்று நாம் அதைப் பின்பற்ற வேண்டாம்.

பிறகு நடந்தது வருத்தமானது. ஊரே தொட்டி வைக்கக் கிளம்பியது. கரையோரப் பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தன் தந்தை கண்ட அந்த அழகெல்லாம் அழிந்ததை மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நம் சென்னையில் மெரினா கடற்கரையில் 1909-ல் அக்குவேரியம் திறந்தார்கள். என் அப்பா சிறுவயதில் அதைப் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்த ஆசை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

சரி, என் எட்டு மீன்கள் ஏன் செத்தன?

அந்த விடை 1890 வாக்கிலேயே கிடைத்துவிட்டது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரே நாள் கொடுத்தேன். அதிலும் எட்டு மீன், வெயில் அடிக்கும் ஜன்னல், பம்ப் கிடையாது.

1961-ல் இந்தோனேசியாவின் லீ சின் எங் பெரிய கருவி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் வைத்தே தொட்டி நடத்திய முறையை எழுதினார். பாறையின் நுண்துளைகளில் இருந்த உயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்தன. ஆனால் நாம் பவளப் பாறையைத் தொடக்கூடாது. 2001 முதல் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதற்குப் பதில் உடைந்த மண்பானை ஓடுகளை நன்றாகக் கழுவிப் போடலாம். அதிலும் நுண்துளைகள் உண்டு, செலவும் இல்லை.

அவருக்கு நான் சொன்னது இதுதான். 60 லிட்டர் தொட்டி. அதைவிடச் சின்னது வேண்டாம், தண்ணீர் சீக்கிரம் கெடும். ஒரு ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர். மழை பெய்யாத நாளில், முகத்துவாரமும் சாக்கடையும் இல்லாத இடத்தில் கடல் நீர் எடுங்கள். வெயில் படாத மூலையில் வையுங்கள். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இரண்டு: உப்பின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் (1.025 காட்ட வேண்டும்), அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட். மீன் விடாமல் ஒரு துண்டு இறாலை மட்டும் போட்டு அழுக விடுங்கள். அந்த அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இரண்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை காத்திருங்கள். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, உள்ளேயேதான் இருக்கும். கடைசியாக, பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன் போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அன்னைக்கு மீன் செத்தது என் தப்புப்பா. நீ நல்லாத்தான் கொண்டுவந்தே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என் கை ராசியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்" என்றார்.

நாற்பது வருடம் ஒருவர் அப்படி நினைத்திருக்கிறார்.

இதைப் படிப்பவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "தெரியல, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பேத்தி தொட்டியில் இறால் துண்டு போட்டு இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. தினமும் அம்மோனியா அளவை நோட்டில் எழுதி எனக்குப் படம் அனுப்புகிறாள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்