கிட்டாருக்கு முளைத்த கால்கள்

கிட்டார் தன்னால் நிற்காத வாத்தியம். அடிப்புறம் வளைந்திருக்கும், கழுத்து நீளும், தலையில் ஆறு உலோக முறுக்காணிகள் கனக்கும். சுவரோரம் சாய்த்துவைத்தால், யாரோ கதவை அறைந்து சாத்துகிற அதிர்வே அதை வழுக்கிவிடப் போதும். இருந்தும், கிட்டாருக்கென்று தனி ஸ்டாண்டு வேண்டும் என்ற எண்ணம் பரவலானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்பு கிட்டார் தொங்கியது, அல்லது படுத்துக் கிடந்தது.

தொங்கியது ஸ்பெயினில். 17ஆம் நூற்றாண்டில் அங்கே முடிதிருத்தும் கடைகளில் கிட்டார் ஒன்று இருப்பது வழக்கம். முறை வரும்வரை காத்திருப்பவர் அதை எடுத்து மீட்டலாம். நாவிதர்களே நன்றாக வாசிப்பார்கள். செர்வாண்டிஸ் 1615இல் வெளியிட்ட ‘டான் குயிக்ஸோட்’ இரண்டாம் பாகத்தில், நாவிதர்களில் பெரும்பாலோர் கிட்டார் வாசிப்பவர்கள்தானே என்று கதாநாயகனே போகிறபோக்கில் சொல்கிறார். அன்றைய கிட்டார் சிறியது, எடை குறைந்தது. ஐந்து இணைத் தந்திகள்; அவையும் ஆட்டுக்குடலில் திரித்தவை. அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு ஒரு ஆணியும் ஒரு நாடாவும் போதுமானவை.

படுத்தது பெட்டியில். ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க்குக்கு வந்து, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்தில் பட்டறை அமைத்த சி. எஃப். மார்ட்டினின் கிட்டார்கள் மரப்பெட்டிகளில் பயணம் செய்தன. அந்தப் பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘சவப்பெட்டி கேஸ்’ என்றே அழைக்கிறார்கள். வாசித்து முடித்தால் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டாருக்கு முதன்முதலில் கால்களைக் கொடுத்துப் புகழ்பெற்றவர் மாட்ரிட்டில் பிறந்த கிட்டார் கலைஞர் டியோனிசியோ அகுவாடோ (1784–1849). 1826இல் பாரிஸுக்குப் போனவர், 1830களில் ‘டிரிபோடிசோன்’ என்ற முக்காலியை உருவாக்கினார். அது கிட்டாரைப் பத்திரப்படுத்தும் ஸ்டாண்டு அல்ல. வாசிக்கும்போதே கிட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு. அகுவாடோவின் வாதம் எளிமையானது. கிட்டாரை மார்போடு அணைத்தால் அதன் முதுகும் விலாவும் அதிர முடியாமல் ஒலி மங்குகிறது. முக்காலியில் பொருத்திவிட்டால் மரம் முழுவதும் அதிரும், இரு கைகளுக்கும் விடுதலை. அவருடைய நண்பரும் பெரும் கலைஞருமான ஃபெர்னாண்டோ சோர் இதை மனமாரப் பாராட்டினார். இந்தக் கருவி இல்லாவிட்டால் கிட்டாரிடம் இவ்வளவு பெரிய வேலையை வாங்கத் துணிந்திருக்க மாட்டேன் என்ற பொருளில், தன்னுடைய 59ஆம் படைப்பையொட்டி எழுதியும் வைத்தார்.

டிரிபோடிசோன் நிலைக்கவில்லை. கிட்டார் தயாரிப்பாளர் ஆண்டோனியோ டி டோர்ரெஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார், ஒலியும் பெருகியது. இடது காலைச் சிறு பலகையில் உயர்த்தி, தொடையில் கிட்டாரை இருத்தும் முறையைக் கிட்டார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ டார்ரெகாவும் அவருடைய மாணவர்களும் பரப்பினார்கள். அகுவாடோவின் முக்காலி அருங்காட்சியகப் பொருளாயிற்று.

இன்றைய ஸ்டாண்டு பிறந்ததற்குக் காரணம் வேறு. குடல் தந்தி போய் எஃகுத் தந்தி வந்தது. சாதாரணமான எஃகுத் தந்திக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அந்த இழுவையைச் சமாளிக்கக் கழுத்துக்குள் உலோகக் கம்பி நுழைந்தது. கிப்ஸன் நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றது. கம்பியைச் சரிசெய்யத் தலைப்பகுதிக்கு அருகே மரத்தைக் குடைந்தார்கள். ஏற்கெனவே மெலிந்த இடம் மேலும் மெலிந்தது, விழுந்தால் முறியும் அபாயமும் கூடியது.

கிப்ஸனின் லெஸ் பால் என்ற மின்சாரக் கிட்டார் 1952இல் வந்தபோது இந்தப் பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் தலை 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்தோ ஒரே துண்டு மஹோகனி. சாய்வு வெட்டப்படும் இடத்தில் மர இழைகள் குறுக்கே அறுபட்டுக் குட்டையாகின்றன. நான்கு கிலோவைத் தாண்டும் கிட்டார் தரையில் விழும்போது உடல் சட்டென நிற்கிறது, தலையோ வேகத்தில் முன்னேறப் பார்க்கிறது. தலை தரையைத் தொடாமலேயே கழுத்து முறிவது இதனால்தான். 1960களின் நடுவில் கிப்ஸன் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் முறியும் இடத்தில் ஒரு மரத் திமிலையும் சேர்த்தது. போட்டியாளரான லியோ ஃபெண்டரின் கிட்டார்களுக்கு இந்த நோய் குறைவு. அவற்றின் தலை சாயாதது, கழுத்து கெட்டியான மேப்பிள்.

அதே காலத்தில் மேடையும் மாறியது. ஒரே கிட்டாரோடு கச்சேரி முடிந்த நாள்கள் போயின. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ராக் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1960களின் இறுதியில் ஐந்து தந்திகளை மட்டும் வைத்து வேறு சுருதியில் வாசிக்கத் தொடங்கினார். சுருதிக்கு ஒரு கிட்டார் என்றால் மற்றவற்றை எங்கே வைப்பது? ஆம்ப்ளிஃபையரில் சாய்த்துவைப்பதுதான் பழக்கம், ஆனால் ஒலி கூடக்கூட அந்தப் பெட்டியே அதிரும். எனவே குழாயை வளைத்துச் செய்த ஸ்டாண்டுகள் மேடையேறின. நோட்டு ஸ்டாண்டும் மைக் ஸ்டாண்டும் செய்யும் நிறுவனங்களே இதற்கும் வந்தன. 1949இல் ஜெர்மனியில் தொடங்கிய கோனிக் அண்ட் மேயர் அவற்றில் ஒன்று. அகுவாடோவின் கனவும் வேறு உருவில் திரும்பியது. ‘யெஸ்’ குழுவின் ஸ்டீவ் ஹவ், ‘ரஷ்’ குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் இருவரும் ஒரு கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடியே, ஸ்டாண்டில் பொருத்திய இன்னொன்றையும் வாசித்தார்கள்.

கால்கள் முளைத்ததும் எதிர்பாராத சிக்கல் ஒன்று தலைகாட்டியது. கிட்டார்களுக்குப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1920களில் டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகப் பிரபலப்படுத்திய வகை. ஸ்டாண்டின் ரப்பரிலும் வினைலிலும் உள்ள மென்மையாக்கும் ரசாயனம் மெல்ல லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கும். மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் கறை, பிசுபிசுப்பு, சில சமயம் குழி. ஃபெண்டர் நிறுவனம் 1960களின் இறுதியில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியதால் அதன் பிற்காலக் கிட்டார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய கிப்ஸன், மார்ட்டின் வைத்திருப்பவர்கள் தொடும் இடங்களில் பருத்தித் துணி சுற்றிவிடுவது இதனால்தான்.

இன்று கடையில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். உடலை மட்டும் தாங்கும் மடிப்பு ஸ்டாண்டு பைக்குள் அடங்கும், பயணத்துக்கு ஏற்றது. ஆனால் லேசாகத் தட்டினாலே கவிழும். கழுத்தையும் சேர்த்துத் தாங்கும் குழாய் ஸ்டாண்டு வீட்டுக்குச் சரி. கழுத்துக்கு முன்னே தடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையைப் பிடித்துத் தொங்கவிடும் வகையில், தைவானின் ஹெர்குலிஸ் தயாரிப்பைப் போன்றவற்றில், கிட்டாரின் எடையே பிடியைப் பூட்டிவிடும். குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீட்டுக்கு இதுவே நல்லது. 1958இல் வந்த ஃபிளையிங் வி போன்ற இரு சிறகுக் கிட்டார் சாதாரண ஸ்டாண்டில் உட்காராது; அதற்கும் தொங்கும் வகைதான்.

ஆனால் எந்த ஸ்டாண்டும் காற்றிலிருந்து காப்பாற்றாது. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது என்கிறது மார்ட்டின் நிறுவனம்; சென்னைக் கடற்காற்றில் அது 70ஐச் சாதாரணமாகத் தாண்டும். தினமும் வாசிப்பவர் ஸ்டாண்டில் வைக்கலாம், மாதக்கணக்கில் தொடாதவர் பெட்டியில் வைப்பதே நல்லது. ஸ்டாண்டு வாங்கப் போகும்போது கிட்டாரையும் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே நிறுத்தி, பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.