எத்தனை வாட்? மின்சிகரெட்டில் சூட்டை அளந்த வரலாறு

மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றைச் சூடாக்குகிறது. சுருளை ஒட்டிய திரியில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகிக் குளிர்ந்து, நுண்துளிகளாகிப் புகைபோலத் தெரிகிறது. திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின் என்ற இரண்டு பொருள்கள்தாம். முதலாவது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இரண்டாவதற்கு 290 டிகிரி வேண்டும். நிகோட்டினும் வாசனைப் பொருள்களும் இவற்றில் கரைந்திருக்கும். சுருளுக்குப் போகும் மின்திறன் குறைந்தால் ஆவி சோகையாக வரும், ஆவியாகாத திரவம் நாக்கில் தெறிக்கும். கூடினால், திரி உறிஞ்சித் தருவதைவிட வேகமாகச் சுருள் திரவத்தைத் தீர்த்துவிடும். பால் வற்றிய பாத்திரம் அடிப்பிடிப்பதுபோலத் திரி காய்ந்து தீயும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான இடத்தைத் தேடும் முயற்சி, இக்கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து நடந்துவருகிறது. அந்த இடத்தைத் தயாரிப்பாளர் குறிப்பதா, பயன்படுத்துபவர் குறிப்பதா என்ற இழுபறியும் கூடவே வந்திருக்கிறது.

மின்சூட்டால் ஆவி எழுப்பி உள்ளிழுக்கும் எண்ணம் பழையது. ஜோசப் ராபின்சன் என்பவர் அமெரிக்காவில் 1927இல் விண்ணப்பித்து 1930இல் காப்புரிமை பெற்ற கருவி, மருந்துப் பொருளை மின்சாரத்தால் சூடாக்கி ஆவியாக்குவதற்கானது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்த புகையில்லாச் சிகரெட்டுக்கு 1965இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டும் சந்தையில் நிலைபெறவில்லை. சூடேறும் கம்பிக்குப் பஞ்சமில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். கையடக்கமான, நாள் முழுதும் தாங்கும் பேட்டரிதான் அப்போது இல்லை. 1991இல் லித்தியம் அயனி பேட்டரி விற்பனைக்கு வந்தபிறகே அந்தக் குறை தீர்ந்தது.

சீனாவின் லியாவ்னிங் மாகாணத்து மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் காப்புரிமை கோரிய வடிவமே இன்றைய மின்சிகரெட்டின் முன்னோடி. அவருடைய முதல் கருவியில் திரவத்தை உடைத்தது சூடு அல்ல, மீயொலி அதிர்வு. அதனால் எத்தனை வாட் என்ற கேள்விக்கு அதில் பெரிய இடமில்லை. ஆனால் தொழில் அந்த வழியில் போகவில்லை. செய்வதற்கு எளிதான, மலிவான சூட்டுச்சுருளே நிலைத்தது. 2004இல் சீனாவில் தொடங்கிய விற்பனை, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

அந்த முதல் தலைமுறைக் கருவிகள் அளவிலும் தோற்றத்திலும் சிகரெட்டைப் போலவே இருந்தன. முனையில் ஒரு விளக்கு எரியும். திருப்ப ஒன்றும் இல்லை. பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். ஆனால் முழு மின்னேற்றத்தில் அது 4.2 வோல்ட்டாக இருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த 3.4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.4 ஓம் சுருளில் 4.2 வோல்ட் பாய்ந்தால் சுமார் 7.4 வாட், 3.4 வோல்ட் பாய்ந்தால் 4.8 வாட். காலையில் கமறலோடு நிறைவாக இருந்த இழுப்பு மாலையில் வெறும் காற்றாகத் தோன்றியதற்குக் காரணம் இதுதான். சிகரெட்டை விட நினைத்து இதை வாங்கிய பலர் இந்த ஏமாற்றத்தால்தான் கருவியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2008இல் பிரிட்டனில் டெட் ராஜர்ஸ், மேட் ராஜர்ஸ் இருவரும் ‘ஸ்க்ரூடிரைவர்’ என்ற கருவியைச் செய்தார்கள். பெரிய பேட்டரியைக் கைவிளக்கு போன்ற உலோகக் குழாயில் வைத்த அமைப்பு அது. சிகரெட்டின் சாயலை விட்டுக்கொடுத்து, நீடித்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டார்கள். இப்படி மாற்றியமைத்த கருவிகளுக்கு ‘மோட்’ என்ற பெயர் நிலைத்தது. அதன்பின் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, மின்னழுத்தத்தை ஏற்றுவது: இரண்டு பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்; அல்லது மின்சுற்று கொண்டு 5 வோல்ட்டாக நிறுத்தி, 3 ஓம் சுருளில் ஏறக்குறைய 8 வாட் பெற்றார்கள். மற்றது, மின்தடையைக் குறைப்பது: 3.7 வோல்ட்டிலேயே 1.5 ஓம் சுருளைப் பொருத்தினால் 9 வாட் கிடைக்கும். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே என்பதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை வோல்ட்டைச் சொல்பவரும் ஓமைச் சொல்பவரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தவை மின்னழுத்தத்தை மாற்றும் கருவிகள். அமெரிக்காவில் செய்யப்பட்ட ‘புரோவாரி’யில் ஒற்றைப் பொத்தானை அழுத்தி அழுத்தி 2.9 முதல் 6 வோல்ட் வரை மாற்றலாம். சீனத் தயாரிப்பான ‘ஈகோ-சி ட்விஸ்ட்’டின் அடிப்பாகத்தைத் திருகினால் 3.2 முதல் 4.8 வோல்ட் வரை போகும். பேனா அளவுள்ள, விலை குறைந்த இந்தக் கருவிதான் சூட்டைத் தானே அமைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பரவலாக்கியது. எந்த ஓம் சுருளுக்கு எத்தனை வோல்ட் என்று காட்டும் வண்ண அட்டவணைகள் கைமாறின. அவை பரிந்துரைத்த பச்சைப் பகுதி பெரும்பாலும் 6 முதல் 9 வாட்டுக்குள் அடங்கியது. அந்த எல்லை ஆய்வகத்தில் பிறந்ததல்ல. நாக்கும் தொண்டையும் சொன்னதைக் கூட்டிச் சேர்த்து வந்தது.

அட்டவணையைத் தேவையற்றதாக்கியது ஒஹாயோவைச் சேர்ந்த எவால்வ் நிறுவனம். 2011இல் அது வெளியிட்ட ‘டார்வின்’ கருவியில் வோல்ட்டை அல்ல, வாட்டையே அமைக்கலாம். உள்ளிருக்கும் சில்லு சுருளின் மின்தடையை அளந்து, வேண்டிய மின்னழுத்தத்தைத் தானே கணக்கிடும். 8 வாட் என்று வைத்தால் 1.8 ஓம் சுருளுக்கு 3.8 வோல்ட்டும், 2.8 ஓம் சுருளுக்கு 4.7 வோல்ட்டும் போகும். சுருளை மாற்றினாலும் சூடு ஏறக்குறைய மாறாது. பேட்டரி இறங்கினாலும் அதே கதைதான். ஓம் விதியும் ஜூல் விதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனாலும் அவற்றைப் பயன்படுத்துபவரின் தலையிலிருந்து இறக்கிச் சில்லிடம் ஒப்படைத்ததுதான் இந்தக் கருவியின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம். சில ஆண்டுகளில் வாட்டே பொதுவான அளவாகிவிட்டது.

பொதுவான அளவு கிடைத்ததும் எண்கள் ஏறின. 2013, 2014 வாக்கில் 1 ஓமுக்குக் குறைவான சுருள்கள் பரவின. தடித்த கம்பியைக் கையால் சுற்றி, பழைய சிலிக்கா நூலுக்குப் பதில் ஜப்பானியப் பருத்தியைத் திரியாக வைத்தார்கள். காற்றுத் துளைகள் பெரிதாயின. வாயில் நிறுத்தி இழுத்த பழைய முறை மாறி, நேராக நுரையீரலுக்கு இழுக்கும் முறை வந்தது. 0.5 ஓம் சுருளோடு கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் திரவத் தொட்டிகள் 2014இல் வந்தபின் 30, 50, 80 வாட் என்பவை சாதாரண எண்களாயின. ஒவ்வொரு சுருளின் உடம்பிலும் எத்தனை வாட் முதல் எத்தனை வாட் வரை என்று பொறிக்கப்பட்டது. இந்த எண்களைப் பார்த்துப் பழைய 8 வாட்டைவிடப் பத்து மடங்கு சூடு என்று எண்ணுவது தவறு. சுருளின் பரப்பு கூடினால் அதே மின்திறன் அகலப் பரவுகிறது. காற்றோட்டமும் திரவ வரத்தும் தாராளமாக உள்ள பெரிய சுருளில் 60 வாட் மிதமாக இருக்கும். ஒற்றைத் திரி கொண்ட சிறிய சுருளில் 10 வாட்டே தீய்த்துவிடும். கம்பி, திரி, காற்று, திரவத்தின் பாகுத்தன்மை ஆகியவற்றைச் சொல்லாமல் வாட்டை மட்டும் சொன்னால் அது பாதிச் செய்திதான்.

திரவமும் இதற்கேற்ப மாறியது. 6 வாட் காலத்தில் மில்லிலிட்டருக்கு 18 அல்லது 24 மில்லிகிராம் நிகோட்டின் இருந்தது. ஒரு இழுப்பில் பல மடங்கு ஆவி வரத் தொடங்கியதும் 6, 3 என்று குறைந்தது. தொண்டை தாங்கவில்லை என்பதே முதல் காரணம்.

சில்லே இல்லாத ‘மெக்கானிக்கல் மோட்’ இந்தக் காலத்தில்தான் ஆபத்தாக மாறியது. அதில் பேட்டரியும் சுருளும் நேராக இணைகின்றன. தடுக்க இடையில் எதுவும் இல்லை. 0.2 ஓம் சுருளில் 4.2 வோல்ட் பாய்ந்தால் 21 ஆம்பியர் மின்னோட்டம் எழும். பரவலாகப் பயன்பட்ட 18650 வகை பேட்டரிகளில் பல அதைத் தொடர்ந்து தாங்கக்கூடியவை அல்ல. அமெரிக்காவில் 2018இலும் 2019இலும் கருவி வெடித்து இருவர் இறந்தார்கள். முகமும் கையும் தீய்ந்தவர்கள் அதைவிடப் பலர். மின்தடையைக் கணக்கிடத் தெரியாதவர் கையில் இத்தகைய கருவியை விற்றது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதது.

வாட்டைக் கட்டுப்படுத்தினால் போதாது, வெப்பநிலையையே கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் 2014இல் எவால்வின் ‘டிஎன்ஏ 40’ சில்லில் வடிவம் பெற்றது. வழக்கமாகப் பயன்படும் ‘காந்தல்’ என்ற உலோகக்கலவைக் கம்பி சூடேறினாலும் அதன் மின்தடை அதிகம் மாறாது. தூய நிக்கல் அப்படியல்ல; ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை சுமார் 0.6 சதவீதம் கூடும். 200 டிகிரி ஏறினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே மின்தடையை இடைவிடாமல் அளந்தாலே சுருளின் சூட்டைக் கண்டுபிடித்துவிடலாம், தனியாக வெப்பமானி வேண்டியதில்லை. திரி காயத் தொடங்கியதும் சூடு எகிறும், சில்லு உடனே மின்திறனைக் குறைக்கும். பின்னர் டைட்டானியமும் துருப்பிடிக்காத எஃகும் இதற்குப் பயன்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பியின் வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும், சுருள் குளிர்ந்திருக்கும்போது மின்தடையைப் பதிய வேண்டும், இணைப்பு தளரக்கூடாது. இத்தனை நுணுக்கத்தைப் பெரும்பாலோர் விரும்பவில்லை. ஆர்வலர்களிடம் மட்டும் அது தங்கிப்போனது.

சூட்டை இப்படி ஏற்றியும் இறக்கியும் பழகிய பிறகுதான் அதன் விளைவை ஆய்வகங்கள் அளக்கத் தொடங்கின. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மின்னழுத்தத்தை 3.2இலிருந்து 4.8 வோல்ட்டாக உயர்த்தியபோது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவை 4 மடங்கு முதல் 200 மடங்குக்கு மேல் கூடியதைக் காட்டியது. கிளிசரினும் கிளைகாலும் கடும் சூட்டில் சிதைவதன் விளைவு அது. 2015 ஜனவரியில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய சுருக்கமான கடிதம் உலகெங்கும் செய்தியானது. 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் மிகுதியாக உருவானதாக அது சொன்னது.

அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டான்டினோஸ் ஃபர்சாலினோஸ். அவர் குழு அதே ஆண்டு ‘அடிக்‌ஷன்’ இதழில் வெளியிட்ட சோதனையில், ஒற்றைத் திரிச் சுருளை 9, 10 வாட்டில் வைத்தபோது பழகியவர்கள் அனைவரும் தீய்ந்த சுவையைக் கண்டு சொன்னார்கள். ஆல்டிஹைடுகள் 30 முதல் 250 மடங்கு வரை பெருகியதும் அந்த நிலையில்தான். 6.5, 7.5 வாட்டில் அளவு சொற்பம். யாரும் இழுக்கத் துணியாத சூட்டில் இயந்திரத்தை இழுக்கவைத்து அச்சுறுத்தக்கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் தீய்ந்த வாடை எட்டாத அளவிலும் நச்சு சிறிது சிறிதாகச் சேரும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நாக்கு மோசமான நிலையைக் காட்டிக்கொடுக்கும், குறைந்த அளவை அளக்கும் கருவி அது அல்ல. 6 முதல் 9 வாட் என்ற பழைய பச்சைப் பகுதியை ஆரோக்கியத்தின் எல்லையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் முன்பே சொல்லவில்லை என்பது வருந்தத்தக்கது.

நிகோட்டினின் கணக்கும் இவ்வாறே விரிந்தது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வில், மின்னழுத்தம், இழுப்பின் நீளம், திரவத்தின் செறிவு ஆகியவற்றை மாற்றியபோது 15 இழுப்புகளில் வெளிவந்த நிகோட்டின் 50 மடங்குக்கு மேல் வேறுபட்டது. புட்டியில் அச்சிட்ட மில்லிகிராம் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லாது என்பது இதனால் உறுதியானது. 2018இல் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், 18 மில்லிகிராம் திரவத்திலிருந்து 6 மில்லிகிராமுக்கு மாறியவர்கள் அதிகத் திரவத்தை அடிக்கடி, நீளமாக இழுத்துக் குறையை ஈடுசெய்தார்கள். கூடவே ஃபார்மால்டிஹைடும் கூடியது.

சட்டங்கள் வாட்டைத் தொடவில்லை. 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை நிகோட்டினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாகவும், தொட்டியை 2 மில்லிலிட்டராகவும் வரையறுத்தது. மின்திறனுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆய்வக இயந்திரங்களுக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ தரம், இழுப்பின் அளவை 3 விநாடியில் 55 மில்லிலிட்டர், 30 விநாடிக்கு ஓர் இழுப்பு என்று வகுத்தது.

2015இல் அமெரிக்காவில் வந்த ‘ஜூல்’ என்ற மின்சிகரெட் வேறு பாதையில் போனது. நிகோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்ததால் தொண்டையில் கமறல் குறைந்தது. குறைந்த மின்திறனிலேயே செறிவான நிகோட்டினை உள்ளே செலுத்த முடிந்தது. பொத்தானும் இல்லை, எண்ணும் இல்லை. சூட்டைத் தொழிற்சாலையே நிர்ணயித்தது. பதின்ம வயதினரிடம் அது வேகமாகப் பரவியதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம். பின்னால் வந்த, பயன்படுத்தி எறியும் கருவிகளும் அதே வழியைப் பின்பற்றின. மாற்றக்கூடிய கருவிகளிலும் சில்லே சுருளை அடையாளம் கண்டு ஒரு வாட்டை முன்மொழிகிறது. பயன்படுத்துபவர் அங்கிருந்து ஓரிரு வாட் ஏற்றி இறக்குவதோடு சரி. எறியும் வகையின் விற்பனையைப் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது. இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே சட்டப்படி இடமில்லை. தமிழ்நாடு அரசு 2018இல் தடை விதித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் டிசம்பரில் முழுச் சட்டமாகி, மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.