குத்தினால்தான் கப்பல்

என் அப்பாயியின் இடது கையில், தோள்பட்டைக்குக் கீழே, காசு அகலத்தில் இரண்டு தழும்புகள் இருந்தன. சின்ன வயசில் மடியில் படுத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்ப்பேன். "இது என்னா அப்பாயி?" என்றால், "அது மண்டபத்துல குத்துன அம்மைடா சாமி. மாட்டுக்குச் சூடு போடுவானுவள்ல, அதுமாரி" என்பார். 1930களின் நடுவில், எட்டோ ஒன்பதோ வயசில், தாய் தகப்பனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன வழியில் விழுந்த தழும்பு அது. "துணியெல்லாம் அவுத்து வாங்கி ஆவியில போட்டானுவ. ஈரத்தோட வரிசையில நிக்கவச்சு, கையைப் புடிச்சுக் குத்துனானுவ. எங்கம்மா அழுவுது. குத்துனாத்தான் கப்பலுன்னு கங்காணி சொல்லிப்புட்டான்."

குத்தினால்தான் கப்பல். கிழவி சொன்ன கதையில் ஒரு வாக்கியம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பது 2021-ல்தான் உறைத்தது. அந்த வருஷம் என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிலாளர் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தான். போன் எடுத்தால் முதல் பேச்சே, "ஊசி எப்பண்ணே போடுவாங்க? பேப்பர்ல ஏதாச்சும் போட்டுருக்கா?" என்பதுதான்.

முதலில் மண்டபத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைகள் காப்பி போட்டார்கள். அது நோயில் அழிந்த பின் தேயிலை போட்டார்கள். இரண்டுக்கும் ஆள் போனது இங்கேயிருந்து. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கிவைத்த சனங்கள். ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடைதான். காலராவிலும் அம்மையிலும் வழியோரத்தில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் இலங்கை அரசுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்குப் பக்கம் தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் முகாம் எழுந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு மண்டபம்தான் பெரிய வாசல். இடம் நம் மண். நடத்தியது இலங்கை அரசு. சில நாள் அடைத்துவைத்துப் பார்த்து, துணியை அவித்து, அம்மை குத்தி, அதன்பிறகுதான் கப்பல். கூலியாகப் போவதை 1939-ல் இந்திய அரசு தடை செய்கிறவரை இது நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிள்ளையின் கையில் அம்மைப்பால் எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துகிற முறைதான் இங்கே நடப்பில் இருந்தது. சேரிப் பிள்ளையின் கையில் எடுத்த பால் தன் பிள்ளைக்கு ஆகாது என்று மேல்சாதிக்காரன் மறுத்தான். ஊருக்குள் தீட்டுப்பட்ட அதே கையை மண்டபத்தில் இழுத்துப் பிடித்துக் குத்துகிறார்கள் என்றால், நம் மேல் திடீரென்று என்ன பாசம்? பாசமில்லை. கூலிக்கு அம்மை கண்டால் லயம் முழுக்கப் பரவும், கொழுந்து பறிக்க ஆளிருக்காது. பாதுகாக்கப்பட்டது தோட்டம். நம் உடம்பு தோட்டத்துக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இனி சிங்கப்பூர். தம்பி 2018-ல் போனான். ஸ்கில் டெஸ்ட், ஏஜெண்டு, டிக்கெட் என்று மூன்றரை லட்சம். சித்தப்பா ஊர்ப் பெரியவீட்டில் வட்டிக்கு வாங்கினார். கட்டட வேலை. ஒரு அறையில் பதினாறு பேர், அடுக்குக் கட்டில். ஒரு தொழிலாளிக்கு நாலரைச் சதுர மீட்டர் இருந்தால் போதும் என்பது அப்போது அங்கே இருந்த அளவு.

2020 தொடக்கத்தில் சிங்கப்பூர் தொற்றைக் கட்டுப்படுத்திய விதத்தை உலகமே மெச்சியது. விடுதிகளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. ஏப்ரலில் விடுதிகள் பற்றிக்கொண்டன. ஏப்ரல் 5-ஆம் தேதி இரண்டு விடுதிகள் தனிமைப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அந்த மாதத்துக்குள் எல்லா விடுதியும் பூட்டு. அன்றாடம் அரசு வெளியிட்ட எண்ணிக்கையில் இரண்டு கணக்கு. "சமூகத்தில்" இத்தனை பேர், "விடுதிகளில்" இத்தனை பேர். அந்த நாட்டின் வீட்டையும் ரயில் பாதையையும் கட்டுகிறவன் அந்த நாட்டுச் சமூகத்தில் சேர்த்தியில்லை. இரட்டைக் குவளையில் டீ குடித்து வளர்ந்த எனக்கு இந்த இரட்டைக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 1,52,794 பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. நூற்றுக்கு 47 பேர். மூன்றில் இரண்டு பங்கு, ரத்தத்தைச் சோதித்த பிறகு தெரிய வந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கவில்லை. விடுதிகளில் சாவு மிகமிகக் குறைவு. நம் நாட்டில் அதே ஏப்ரலில் தொழிலாளிகள் நெடுஞ்சாலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதை மறந்துவிட்டு அடுத்த நாட்டைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

2020 டிசம்பர் 30-ல் அங்கே தடுப்பூசி தொடங்கியது. விடுதிகளுக்கு வந்தது 2021 மார்ச்சில். முதலில், மிகப் பெரிய ஐந்து விடுதிகளில் தொற்றே வராத பத்தாயிரம் பேருக்கு. தம்பிக்கு ரத்தப் பரிசோதனையில் தொற்று வந்துபோனது தெரிந்திருந்ததால் பட்டியலில் பெயரில்லை. "உனக்குத்தான் வந்து போயிருச்சே, என்னா அவசரம்னு சூப்பர்வைசர் கேக்குறாருண்ணே. அவசரம் எனக்குல்ல தெரியும். ஊசி போட்டாத்தான் வெளிய விடுவாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றானுவ." அவனாகப் போய்ப் பதிவு செய்ய வழியில்லை, கம்பெனிதான் பேர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டவனை முறைத்தார்கள். பெர்மிட் அவர்கள் கையில். விடுதிக்கு வெளியே இருந்த வெளிநாட்டவர்களும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது: அந்த ஜூனில் நாற்பது வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் திறந்தபோது, குடிமக்களுக்கு இரண்டு வாரம் முன்னுரிமை தந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள்.

அங்கே பிள்ளை ஊசிக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, இங்கே அப்பன் ஊசி வேண்டாமென்று ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நடிகரின் சாவை ஒட்டிக் கிளம்பிய வதந்தி எங்கள் தெருவையும் பிடித்திருந்தது. சுகாதார நர்சு வந்தால் ஆண்கள் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார்கள். நான் மேடைதோறும் பேசுகிறவன். சித்தப்பாவிடம் நயந்து சொன்னேன், சண்டையும் போட்டேன். "நல்லாருக்குற ஒடம்புல எதுக்குடா குத்தணும்? எங்கம்மாளுக்குக் குத்துனது போதும்" என்றார். எந்த அதிகாரி நம்மிடம் உட்கார்ந்து விளக்கம் சொன்னான், நாம் அவனை நம்ப? அவர் பயத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. ஆனால் அந்த வரலாறு அவரைக் காப்பாற்றவில்லை. மே மாதக் கடைசியில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார்.

தம்பியால் வர முடியவில்லை. ஏப்ரல் 24 முதல் இந்தியாவிலிருந்து திரும்புகிற தொழிலாளர்களுக்குச் சிங்கப்பூர் வாசலை அடைத்திருந்தது. வந்தால் திரும்ப முடியாது, வேலை போகும், கடன் நிற்கும். மூத்த மகன் கொள்ளி போட வேண்டிய இடத்தில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாறு பேர் இருக்கிற அறையில், மேல்கட்டிலில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் பார்த்தான். சத்தம் வராமல் அழுதான். ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதாம்.

அதே நாட்களில் லீவுக்கு வந்து மாட்டிக்கொண்ட அரபுநாட்டுத் தொழிலாளிகளுக்கு வேறு கஷ்டம். இங்கே கோவிஷீல்டு இரண்டு ஊசிக்கு இடைவெளி 12 முதல் 16 வாரம். விசா அதுவரை தாங்காது. ஜூன் 7-ல்தான், வெளிநாடு போகிறவர்கள் 28 நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வழி செய்தது. கோவாக்சின் போட்டவர்களின் பாடு இன்னும் மோசம். சவூதி மாதிரி நாடுகளின் பட்டியலில் அது இல்லை. உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்ததே நவம்பர் 3-ல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தப் புட்டி திறந்திருந்ததோ அதைக் குத்திக்கொண்டு வந்தவன், எந்த ஊசி எந்த நாட்டுக்குச் செல்லும் என்று எங்கே கண்டான்?

தம்பிக்கு ஜூலையில் ஊசி கிடைத்தது. போட்டோ அனுப்பினான், கையில் பஞ்சோடு. ஆகஸ்டில், இரண்டு ஊசி போட்ட சிங்கப்பூர்வாசிகள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். செப்டம்பரில், விடுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஊசி போட்டாயிற்று என்றது அரசு. ஆனாலும் கதவு திறக்கவில்லை. லாரி, வேலை, லாரி, அறை. சில நூறு பேரைச் சோதனைமுறையில் சில மணிநேரம் லிட்டில் இந்தியாவுக்கு விட்டார்கள். பிறகு எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற பொதுவிதி 2022 ஜூன் 24-ல்தான் போனது. அப்போதும் ஞாயிறன்று லிட்டில் இந்தியா போகச் சீட்டு வேண்டியிருந்தது. வேலைக்குப் போக மட்டும் எப்போதோ விட்டாயிற்று. கிருமி வேலைத்தலத்தில் பரவாது, தேக்கா மார்க்கெட்டில் மட்டும் பரவும் போல.

இதைக் கேட்ட சிங்கப்பூர்க்காரர்களும் இருந்தார்கள். 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' என்ற அமைப்பு தொடர்ந்து பேசியது. வந்துபோகும் தொழிலாளிகளும் கணக்கில் சேர்த்திதான் என்று அர்த்தப்படும் பெயர். இரட்டைக் கணக்கு போட்ட காலத்தில் அந்தப் பெயரே ஒரு பதில்.

நான் தடுப்பூசிக்கு எதிராக எழுதவில்லை. சித்தப்பாவைப் பறிகொடுத்தவன் அப்படி எழுத மாட்டேன். என் கேள்வி, அது யார் கையில் இருக்கிறது என்பது. உரிமையாக வந்தால் நாம் கேட்டு வாங்குவோம். எப்போது, எதை, ஏன் என்று நமக்குச் சொல்ல வேண்டும். போட்ட பிறகு மற்றவனுக்குத் திறக்கிற கதவு நமக்கும் திறக்க வேண்டும். 1930களில் கேட்காமலே குத்தினார்கள். 2021-ல் கேட்டும் காக்கவைத்தார்கள், குத்திய பிறகும் பூட்டினார்கள். இரண்டிலும் தீர்மானித்தது வேலை கொடுத்தவனின் தேவை.

1964 ஒப்பந்தத்துக்குப் பின், 1970-ல் அப்பாயி திரும்பி வந்தபோதும் இறங்கியது மண்டபம் முகாமில்தான். இனக்கலவரத்துக்குப் பிறகு அங்கே ஈழ அகதிகள். தமிழக முகாம்களில் இருப்பவர்களில் பலர் மலையகத்து வம்சம், அதாவது நம் சனங்களின் பேரப்பிள்ளைகள். 2021 ஆகஸ்ட் 9-ல், இந்தியாவில் வாழும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டி ஊசிக்குப் பதிவு செய்யலாம் என்று டெல்லி சொன்னது. ராத்திரியில் படகேறி உயிர்தப்பி வந்தவன் எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டுவான்? சிங்கப்பூரைக் கேட்கிற வாயால் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

அப்பாயி 2003-ல் செத்துப்போனார். அவர் சொன்னதை நான் அன்றைக்கு எழுதிவைக்கவில்லை. ஞாபகத்தில் நின்றதுதான் இவ்வளவு. உங்கள் தெருவிலும் தோட்டத்திலிருந்து திரும்பிய கிழவிகள் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருப்பார்கள். விடுதியில் பூட்டப்பட்டுத் திரும்பிய பையன்கள் இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தேதி, இடம், எத்தனை நாள் அடைத்தார்கள், யார் குத்தினார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். துரைமாரின் கணக்குப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. கையைக் கொடுத்தவர்களின் கணக்கு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.